மோருக்கு எந்தத் தண்ணீர் என்று கேட்டவர்கள்: ஒரு சிறுநீரக மாற்றுப் பின்கவனிப்புப் பிரிவு பற்றி

நான் மயிலாடுதுறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் இடது சிறுநீரகம் 2021 ஆகஸ்டிலிருந்து என் கணவரின் அடிவயிற்றில், வலப்பக்கத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அறுவை சிகிச்சை நடந்த சென்னை மருத்துவமனையின் பின்கவனிப்புப் பிரிவுக்கு அன்றிலிருந்து போய்வருகிறோம். அந்தப் பிரிவைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பாராட்டும் இருக்கிறது, மனத்தாங்கலும் இருக்கிறது. இரண்டையும் அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். உறுப்பு மாற்று செய்துகொண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், நீங்கள் போகும் இடம் இப்படி நடந்துகொள்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும்.

மூன்று ஆண்டுகள் ரத்தம் கொடுத்தோம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியேட்டினின் (ஏறினால் கெடுதல்) 1.2 என்று கேட்டுக்கொண்டோம், மாத்திரைகளை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம். அந்த மூன்று ஆண்டுகளை வைத்து மதிப்பெண் போடச் சொல்லியிருந்தால் எதற்குப் போடுவது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. 2024 டிசம்பரில் அவருக்குப் பன்னிரண்டு நாளாகியும் பேதி நிற்கவில்லை. அந்தப் பிரிவு என்ன செய்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடப்பதற்கு முன்பே எங்கள் பக்கம் இரண்டு நாள் விடாத மழை. தெருத் தண்ணீர் வாசலில் உள்ள தரைத் தொட்டிக்குள் இறங்கிவிட்டது. மழை விட்டதும் ஆள் வைத்துத் தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, பிளீச்சிங் பவுடர் கலந்தேன். குடிக்கிற தண்ணீரை எப்போதும் போலக் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தேன். டிசம்பர் 4, புதன்கிழமை காலை ஐந்து முறை போனார். காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, தண்ணீராகப் போனது. பேதிக்கு நம் வீடுகளில் என்ன செய்வோமோ அதைத்தான் நானும் செய்தேன். கஞ்சி, மாதுளைத் தோல் கஷாயம், வேளைக்கு இரண்டு டம்ளர் நீர் மோர்.

மூன்றாம் நாள் உள்ளூரில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். சிறுநீரக மாற்று செய்தவர் என்று சொன்னேன். மருந்துப் பட்டியலையும் காட்டினேன். கூட்டம் அதிகம். ஒரு ஆன்டிபயாட்டிக், பேதியை நிறுத்தும் மாத்திரை, நல்ல பாக்டீரியா கேப்சூல் என்று மூன்று எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை நாள் நின்றது. வயிறு உப்பிக்கொண்டு, பிறகு முன்பைவிட அதிகமாகப் போனது. பக்கத்து லேபில் மலப் பரிசோதனை செய்தோம். கிருமி முட்டையோ அமீபாவோ எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. கிருமி இல்லையென்றால் மாத்திரைதான் காரணம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். மைக்கோபினோலேட் சாப்பிட்டால் பேதியாகும் என்று அவர் எங்கோ படித்திருக்கிறார். அது பொய்யுமில்லை. மாற்று உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்க அவர் தினமும் சாப்பிடுவது டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு மூன்றும். அதில் மைக்கோபினோலேட்டை என் கணவர் எனக்குத் தெரியாமலேயே மூன்று நாள் நிறுத்திவிட்டார். மாத்திரைப் பெட்டியில் சேர்ந்து கிடந்ததைப் பார்த்தபோது என் கை சில்லிட்டுப் போனது.

14ஆம் தேதி சனிக்கிழமை இரவு பின்கவனிப்புப் பிரிவின் எண்ணுக்கு நான்கு முறை அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. இது முதல் மனத்தாங்கல். பிறகு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒருங்கிணைப்பாளர் மேடம் தானே திருப்பி அழைத்தார். அவர் பேசிய இருபது நிமிடத்துக்காகத்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. எத்தனை முறை, எவ்வளவு அளவு, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா என்று கேட்டார். எடை எவ்வளவு குறைந்தது, சிறுநீர் எத்தனை முறை போகிறது என்றார். கை நடுங்குகிறதா என்றும் கேட்டார். என் கணவர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். இரண்டு நாளாக எழுத்து கோணுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதைப் பலவீனம் என்று நினைத்திருந்தேன். கடந்த இரண்டு மாதத்தில் வெளியில் யாராவது ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்களா, சர்க்கரைக்கு, அமிலத்துக்கு, மூட்டு வலிக்குப் புது மாத்திரை எதுவும் சேர்ந்ததா, மலச்சிக்கலுக்கு எதையாவது குடிக்கிறாரா, வீட்டில் வேறு யாருக்காவது பேதி இருக்கிறதா என்று வரிசையாகப் போனார். கடைசியில் தண்ணீருக்கு வந்தார்.

"குடிக்கிற தண்ணீர் கொதிக்க வைத்தது என்கிறீர்கள். பல் விளக்குவது?"

"குழாய்த் தண்ணீர், மேடம்."

"மோருக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?"

என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. மோருக்குக் குழாய்த் தண்ணீர்தான். குடத்தில் ஆற வைத்த தண்ணீர் குடிப்பதற்கு என்று ஒரு கணக்கு, மோர் கலக்க, சட்னியில் ஊற்ற, டம்ளரை அலச வேறொரு கணக்கு. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, கை அப்படிப் பழகிவிட்டது. பதினொரு நாளாக, மருந்து என்று நம்பி, நோயையே வேளைக்கு இரண்டு டம்ளர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கலாம். இதை அந்த மேடம் குற்றமாகச் சொல்லவில்லை. "சரி அம்மா, குறித்துக்கொண்டேன். இன்று இரவே கிளம்புங்கள். மைக்கோபினோலேட்டை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், இரண்டு மடங்காகப் போட்டு ஈடு கட்டவும் வேண்டாம். பேதியை நிறுத்தும் மாத்திரையை மட்டும் தொடாதீர்கள். டாக்ரோலிமஸ் இன்று இரவு 8 மணிக்குப் போடுங்கள். நாளைக் காலை மாத்திரையைப் போடாமல் கையில் எடுத்து வாருங்கள்" என்றார்.

பஸ்ஸில் போக முடியாது. கழிப்பறை இருக்கும் என்பதற்காக உழவன் விரைவு வண்டியில் போனோம். அந்த இரவு அவர் எத்தனை முறை எழுந்தார் என்பதை என் அளவு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் குறித்துவந்தேன். முன்பக்கத்தில் ஜாக்கெட் அளவுகள், பின்பக்கத்தில் இந்தக் கோடுகள். காலையில் டாக்டர் முதலில் வாங்கிப் பார்த்தது அந்த நோட்டைத்தான். பன்னிரண்டு நாளும் அதில் இருந்தது. "இவ்வளவு சரியாக யாரும் கொண்டுவருவதில்லை" என்றார்.

சரியாக 8 மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். எடுத்த தம்பி ஊசி குத்துவதற்கு முன் இரண்டு முறை கேட்டார், இரவு எத்தனை மணிக்குப் போட்டீர்கள், இன்று காலை போட்டுவிட்டீர்களா என்று. டாக்ரோலிமஸ் அளவை அடுத்த வேளை மாத்திரைக்கு முன்புதான் பார்க்க வேண்டும். மாத்திரை போட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் வரும் எண்ணை நம்ப முடியாது. ஊரில் ஒரு முறை பகல் 11 மணிக்கு எடுத்துவிட்டு, அந்த எண்ணைப் பார்த்து ஒரு வாரம் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

மதியத்துக்குள் எண்கள் வந்தன. எடை 61 கிலோவிலிருந்து 56.5. கிரியேட்டினின் 2.6. டாக்ரோலிமஸ் 18.4, அவருக்கு 5 முதல் 7க்குள் இருக்க வேண்டும். நான் அழுதுவிட்டேன். கொடுத்த சிறுநீரகம் போய்விட்டது என்றே நினைத்தேன். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். குடலின் உட்சுவரே டாக்ரோலிமஸில் ஒரு பங்கை உடைத்துவிடும், ஒரு பங்கைத் திரும்பவும் வெளியே தள்ளிவிடும். பேதியில் அந்தச் சுவர் நைந்துபோனால், போடுகிற அளவு மாறாமலேயே ரத்தத்துக்குள் அதிகம் போய்ச் சேரும். எனக்குப் புரிகிற மாதிரி நான் இப்படி எடுத்துக்கொண்டேன்: உள்துணி கிழிந்த பையில் சில்லறை நிற்காது, எல்லாம் உள்ளே இறங்கிவிடும். அதிகமான டாக்ரோலிமஸ் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக் குழாயைச் சுருக்கும், கையை நடுங்க வைக்கும். அதோடு உடம்பில் தண்ணீர் வற்றிக் கிடக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் 2.6. "சிறுநீரகம் போய்விட்டது என்று இன்று சொல்ல முடியாது அம்மா. முதலில் தண்ணீரை ஏற்றுவோம்" என்றார். எனக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

பொட்டாசியமும் ஏறியிருந்ததால், அடுத்த ரிப்போர்ட் வரும்வரை ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கூட நிறுத்தி வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கலவையில் ஒரு லிட்டருக்கு 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. சாதாரணமாகப் பேதியில் பொட்டாசியம் குறையும், அதை ஈடு கட்டத்தான் அது. டாக்ரோலிமஸ் அதிகமாகி, சிறுநீரகமும் சோர்ந்திருக்கிற ஆளுக்கு அது நேர்மாறாகவும் போகலாம் என்று சிஸ்டர் சொன்னார். நான் பையிலிருந்து எடுத்துக் காட்டிய அட்டைப் பெட்டிப் பானத்தைப் பார்த்து அவருக்கு வருத்தம். பெட்டியின் மேல் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தன, உள்ளே இருந்தது பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர். மருந்துக் கடையில்தான் வாங்கினேன், நான்கு நாள் கொடுத்தேன். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்தப் பானங்களுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டதைப் படித்தபோது அந்த சிஸ்டரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இனி, இந்தப் பிரிவை நான் மதிப்பதற்கான முக்கியமான காரணம். எங்கள் ஊரில் எல்லோரும் பேதியை நிறுத்தப் பார்த்தார்கள். இங்கே அது ஏன் போகிறது என்று தேடினார்கள். மைக்கோபினோலேட்தான் என்று அவர்களும் எளிதாகச் சொல்லியிருக்கலாம். டாக்டர் சொன்னது வேறு. பெல்ஜிய மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான பேதியோடு வந்த 108 சிறுநீரக மாற்று நோயாளிகளை ஒழுங்காக ஒவ்வொன்றாகப் பரிசோதித்திருக்கிறார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் கை வைக்காமலேயே குணமாகியிருக்கிறது. கிருமிக்கு மருந்து கொடுத்தும், பேதி உண்டாக்குகிற வேறு மாத்திரையை நிறுத்தியுமே சரியாகிவிட்டது. முதலிலேயே மைக்கோபினோலேட்டைக் குறைத்திருந்தால் அந்தப் பாதிப் பேரும் வீணாகத் தங்கள் உறுப்பைப் பணயம் வைத்திருப்பார்கள். அதைக் குறைக்கிறபோது உடல் உறுப்பைத் தள்ளிவிடும் ஆபத்து ஏறுகிறது. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டே இதைக் கேட்டார். மூன்று நாள் நிறுத்தியதை அவர்தான் வாய் திறந்து சொன்னார். டாக்டர் திட்டவில்லை. "சொன்னீர்களே, அது நல்லது" என்று மட்டும் சொல்லி, கோப்பில் எழுதிக்கொண்டார்.

மலத்தை மூன்று தனித்தனி நாட்களில் வாங்கினார்கள். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகு வருகிற குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை. சி.எம்.வி. என்ற வைரஸுக்கு ரத்தத்தில் ஒன்று. கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான கல்ச்சர். அதோடு மலத்தில் ஒரு சிறப்புச் சாயம் போட்டுப் பார்ப்பது. பல கிருமிகளை ஒரே தடவையில் பார்க்கும் பி.சி.ஆர். பரிசோதனையும் அங்கே உண்டு. எங்களுக்குச் சொன்ன விலை 11,000 ரூபாய். சாயப் பரிசோதனை 350 ரூபாய். "முதலில் 350இல் கிடைக்கிறதா பார்ப்போம். கிடைக்காவிட்டால் அதற்குப் போகலாம்" என்றார்கள். காசைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை, அவர்களாகவே சொன்னது இது.

இரண்டாம் நாள் மாதிரியில் கிடைத்தது. நுண்ணுயிரியல் டாக்டர் ஒரு இளம்பெண். முடிவு எப்போது வரும் என்று நான் லேப் வாசலில் போய் நின்றதைப் பார்த்து உள்ளே அழைத்தார். "பார்க்கிறீர்களா அம்மா?" என்று நுண்ணோக்கியைச் சரிசெய்து கொடுத்தார். எனக்கு ஊசியில் நூல் கோத்துப் பழகிய கண். ஒரு நிமிடத்தில் பிடிபட்டது. நீல நிறத் துணியில் யாரோ செம்பருத்திச் சாற்றைப் பொட்டுப் பொட்டாகத் தெளித்த மாதிரி சின்னச் சின்ன வட்டங்கள். சில அழுத்தமான சிவப்பு, சில வெளிறியவை, உள்ளே மணல் போல ஏதோ புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குதான் இருக்கும் என்றார். கிரிப்டோஸ்போரிடியம் என்று பெயர் சொன்னார், இரண்டு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். சாதாரண மலப் பரிசோதனையில் இது தட்டுப்படுவது அபூர்வம். இதற்கென்று கேட்டு, இதற்கென்று சாயம் போட்டால்தான் தெரியும். எங்கள் ஊர் லேப் தவறாக எழுதவில்லை. அவர்களிடம் இதைத் தேடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிளீச்சிங் பவுடர் போட்டேனே என்றேன். அதற்கு இது சாகாது என்றார். குளோரினைத் தாங்கும் கெட்டி ஓடு இதற்கு. 1993இல் அமெரிக்காவில் மில்வாக்கி என்ற நகரத்தில், சுத்திகரித்து அனுப்பிய குழாய்த் தண்ணீரிலேயே இது வந்து 4 லட்சம் பேருக்கு மேல் பேதியானதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நல்ல உடம்பாக இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே போய்விடும். எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கிறவர்களிடம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கிவிடும். தண்ணீர் நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் செத்துவிடும். ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தை நான் மோருக்குக் கொடுக்கவில்லை.

நிடாசோக்ஸனைடு என்ற மாத்திரை, 500 மில்லிகிராம், இரண்டு வேளை, 14 நாள். இது எல்லோருக்கும் கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது, எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் மேலே வர விட்டால்தான் கிருமி முழுதாகப் போகும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். அதற்காக மைக்கோபினோலேட்டை இரண்டு வாரத்துக்குப் பாதியாக்கினார்கள். என் கணவர் செய்ததும் இதுவும் ஒன்றுதானே என்று நான் கேட்டுவிட்டேன். ஒன்றில்லை. காரணம் தெரிந்து, மற்ற மருந்துகளை வைத்துக்கொண்டு, இரண்டு நாளுக்கு ஒரு முறை கிரியேட்டினின் பார்த்துக்கொண்டே குறைப்பது இது. அவர் செய்தது இருட்டில் கத்தரி வைத்தது. டாக்ரோலிமஸை ஒரு வேளை நிறுத்தி, பிறகு குறைத்து, மூன்றாம் நாள் மறுபடி அளவு பார்த்தார்கள்.

வரிசையில் காத்திருந்தபோது பேச்சுக் கொடுத்த இருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் எங்கள் காரணம்தான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த அக்காவுக்கு இரண்டு மாதமாகப் பேதி. எல்லாக் கிருமியும் தேடியாகிவிட்டது, பெருங்குடலுக்குள் குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்த்த பிறகே மைக்கோபினோலேட்தான் காரணம் என்று முடிவானது. குடலில் போய்க் கரைகிற பூச்சு போட்ட வகைக்கு மாற்றி, வேளைகளைப் பிரித்துக் கொடுத்ததில் அவருக்கு நின்றுவிட்டது. கல்லீரல் மாற்று செய்த ஒரு தம்பிக்கு சி.எம்.வி. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, ஆனால் குடல் சதையில் இருந்தது. ரத்தத்தில் இல்லை என்றவுடன் விட்டுவிட்டிருந்தால் அந்தத் தம்பி இன்னும் மெலிந்திருப்பான். இருவருமே பல வாரம் ஊரில் கழித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன்.

சனி இரவு தொலைபேசி. ஒருங்கிணைப்பாளர்கள் இரண்டே பேர், அவர்களும் மனிதர்கள்தான், தூங்க வேண்டும். ஆனால் இத்தனை நூறு பேருக்கு மாற்று உறுப்பு வைத்து அனுப்புகிற இடத்தில் இரவு எடுப்பதற்கு ஒரு எண் இருக்கத்தான் வேண்டும். அந்த ஒரு இரவில் எங்களுக்கு அரை நாள் போனது. அதேபோல, நான்கரை கிலோ வற்றிப்போன ஆளை ஆறு மணி நேரம் ரயிலில் வரச் சொல்வதற்குப் பதிலாக, எங்கள் ஊரிலேயே ஒரு மருத்துவமனையில் பேசி, சலைன் ஏற்றிக்கொண்டு வரச் செய்திருக்கலாம். இதைக் கேட்டபோது டாக்டர் மறுக்கவில்லை. ஊர் டாக்டர்களோடு அப்படி ஒரு தொடர்பு இன்னும் ஏற்படவில்லை என்று ஒத்துக்கொண்டார். டிஸ்சார்ஜ் அட்டை முழுவதும் ஆங்கிலம். என் மகள் கல்லூரியிலிருந்து வந்து படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனை முறை போனால் அழைக்க வேண்டும் என்று தமிழில் ஒரு தாள் கொடுங்கள் என்று கேட்டேன், இன்னும் வரவில்லை. வாயால் சொன்னதை எழுதி அடுப்படியில் ஒட்டியிருக்கிறேன்: தண்ணீராக ஒரு நாள் போனாலே அன்றைக்கே அழைக்க வேண்டும். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால், சிறுநீர் குறைந்தால், கை நடுங்கினால் உடனே கிளம்ப வேண்டும். அவர்களிடம் கேட்காமல் வெளியில் எந்த ஆன்டிபயாட்டிக்கும் கூடாது. சில வகைகள் டாக்ரோலிமஸை ஏற்றிவிடும். பம்பளிமாஸ் பழமும் ஏற்றும், எங்கள் கொல்லையில் அந்த மரம் இருக்கிறது.

இவற்றையெல்லாம்விட என்னைக் கோபப்படுத்தியது கழிப்பறை. அந்தப் பிரிவில் பகல் முழுவதும் உட்கார வைத்துச் சலைன் ஏற்றும் அறையில் ஒன்பது நாற்காலிகள். பேதியோடு வந்தவர்கள் எப்போதும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். திறந்திருந்த கழிப்பறை ஒன்று. இன்னொன்று பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. திறந்திருந்ததில் பாட்டிலைத் தொங்கவிட ஒரு ஆணி கூடக் கிடையாது. ஸ்டாண்ட் கதவுக்குள் நுழையாது. அதனால் அவர் உள்ளே உட்கார்ந்திருக்க, கதவை ஒரு சாண் திறந்து வைத்து, சலைன் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நான் வெளியே நின்றேன். கையைத் தாழ்த்தினால் குழாயில் ரத்தம் ஏறியது. பின்னால் வரிசை நின்றது. ஐம்பது வயதில் ஒரு மனிதர் அப்படி உட்கார வேண்டியிருந்ததை நான் மறக்கமாட்டேன். அவருக்கு வைத்தியத்தில் காட்டிய அக்கறையில் நூறில் ஒரு பங்கு இந்தக் கதவிலும் காட்டியிருக்கலாம் என்று குறைகள் பதிவேட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதி, கையெழுத்தும் போட்டேன்.

ஐந்து நாள் உள்ளே இருந்தோம். ஆறாம் நாள் கிரியேட்டினின் 1.5, நாளுக்கு மூன்று முறையாகக் குறைந்தது. எடை 59. வீட்டுக்கு அனுப்பினார்கள். பொங்கலுக்கு முன் முழுதாக நின்றது. மூன்று வாரத்தில் சாயப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை.

இங்கேதான் இன்னொரு காரியம் செய்தார்கள். பேதி நின்ற பிறகு நான்காம் நாள் ஒருங்கிணைப்பாளர் மேடம் அழைத்தார். நன்றாக இருக்கிறார், சாப்பிடுகிறார், கடைக்குப் போகிறார் என்று மகிழ்ச்சியாகச் சொன்னேன். "அதனால்தான் அழைத்தேன்" என்றார். குடல் சுவர் ஆறினால் அது பழையபடி டாக்ரோலிமஸை உடைக்கத் தொடங்கும். பேதியின்போது குறைத்த அளவு இப்போது போதாமல் போகும். ஊரிலேயே காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னார். அளவு 3.9 வந்தது. அன்றே பழைய அளவுக்கு ஏற்றினார்கள், மைக்கோபினோலேட்டும் முழு அளவுக்குத் திரும்பியது. அந்த அழைப்பு வராமல் இருந்திருந்தால் அடுத்த மாதப் பரிசோதனை வரை நாங்கள் குணமாகிவிட்டோம் என்ற சந்தோஷத்திலேயே இருந்திருப்போம். உள்ளே என் சிறுநீரகம் காவல் இல்லாமல் கிடந்திருக்கும்.

செலவு: ஐந்து நாள் அறை, மருந்து, பரிசோதனைகள் எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய் கையிலிருந்து போனது. டாக்ரோலிமஸ் அளவு பார்க்க ஒவ்வொரு முறையும் 2,200. இவை எங்களைப் போன்ற வீட்டுக்குச் சின்னத் தொகையில்லை. ஆனால் தேவையில்லாத ஒரு பரிசோதனையும் அந்தப் பில்லில் இல்லை. மகளை உட்கார வைத்து வரி வரியாகப் பார்த்தேன்.

மதிப்பெண் கேட்டால், தேடிய விதத்துக்கும் திரும்ப அழைத்ததற்கும் ஐந்துக்கு ஐந்து. இரவு நேரத் தொலைபேசிக்கு ஒன்று. தமிழ்த் தாள் வரும்வரை அதற்கு எதுவும் தரப் போவதில்லை. போகிறவர்கள் திங்கள் காலையைத் தவிருங்கள், கூட்டம் தாங்காது. ஆனால் பேதி என்றால் எந்தக் கிழமையும் பார்க்காதீர்கள். மலம் எடுக்கும் டப்பாவை அங்கேயே கேட்டு வாங்குங்கள், வெளியில் விற்பதில் மூடி கசிகிறது. எத்தனை முறை என்று கோடு போட்டு ஒரு நோட்டு கொண்டுபோங்கள்.

போன மாதம் போயிருந்தோம். கிரியேட்டினின் 1.2. சலைன் அறையின் பூட்டிக் கிடந்த கழிப்பறை திறந்திருந்தது. புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். பக்கவாட்டுச் சுவரில், கை எட்டும் உயரத்தில், கெட்டியான எவர்சில்வர் கொக்கி ஒன்று அடித்திருந்தது. பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.